இரண்டையும் விடமாட்டேன்

அன்புள்ள ஜெபாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். இங்கிலீஷில் போனுக்கு அனுப்பினால் லிஃப்ட் கீழே வருவதற்குள் வாசித்து முடித்து, கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுவாய். இதை அப்படி வாசிக்கக் கூடாது. புரியாத வார்த்தை வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேள். மானசி பக்கத்தில் இருந்தால் அவளுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வா. அவளுக்குத் தெரியக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. இன்னும் ஐந்து வாரத்தில் நம் வீட்டுக்கு வரப்போகிறவள், நம் வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டே வரட்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக உன் ஔந்த் வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். மானசி அவலில் போஹே செய்து வைத்திருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்துவிட்டோம் என்று நீ சொன்னாய், நானும் சந்தோஷம் என்றேன். உனக்கு அது போதவில்லை. என்னோடு சண்டை போடத் தயாராக உட்கார்ந்திருந்தவன், சண்டை வராததால் கோபப்பட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. "அம்மா, மானசி மதம் மாறவேண்டாம்னு நீங்களே சொல்றீங்க. பொண்ணும் பையனும் சமம்னு சொல்றீங்க. அப்புறம் சண்டே ஆனா அந்த சர்ச்ல போய் முழங்கால் போடறீங்க. ரெண்டும் எப்படிம்மா சேரும்? ஒண்ணு பொய்யா இருக்கணும். ஏதாவது ஒண்ணை விடுங்க" என்றாய். அப்புறம் நீ, "லில்லி சித்தியைப் பாருங்க. அடி வாங்கினவங்களைப் புருஷன்கிட்டயே திருப்பி அனுப்பின சர்ச்தானே அது?" என்றாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

பதில் தெரியாமல் எழுந்து போகவில்லை, ராசா. பதில் சொல்ல வேண்டுமானால் இருபது வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் சித்தியைத் திருப்பி அனுப்பியது சபை இல்லை. நான்தான்.

அப்போது நீ நான்காம் வகுப்பு. போசரியில் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். உன் அப்பா முதல் ஷிப்டு. எனக்கு அன்றைக்கு வார விடுமுறை. காலை பதினொரு மணி இருக்கும், என் கூடப் பிறந்த ஒரே தங்கை, இருபத்தேழு வயதுக்காரி, கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். வலது கை மோதிர விரல் வீங்கி மோதிரம் புதைந்திருந்தது. லோஹேகாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நான் இனிமே அங்க போகல. என்னைய அனுப்பிராத." அவள் புருஷன் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நம் கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் ஜெபம் பண்ணினால் கிழவிகள் அழுவார்கள். எல்லாருக்கும் பிடித்த மனுஷன்.

நான் முதலில் ஐயருக்குப் போன் போட்டேன். மானசிக்கு இதைச் சொல்லும்போது, எங்கள் ஊர்ப்பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம் என்பதை விளக்கிவிடு. போன தடவை அவள் குழம்பிப்போனாள். அந்த ஐயரை உனக்கும் பிடிக்காது. தலையில் முக்காடு இல்லாமல் வேதபாடம் வாசிக்கப் போனேன் என்று எல்லார் முன்னாலும் என்னைத் திருப்பி உட்கார வைத்தவர். காணிக்கைப் பையைப் பெண்கள் எடுக்கக் கூடாது என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தவர். அவர் வந்து அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லி அனுப்பி வைப்பார் என்று நினைத்துத்தான் போன் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, "அனுப்பாதீங்கம்மா. உங்க வீட்டுலயே வச்சுக்கோங்க. நான் சாயங்காலம் வாரேன்" என்றார். நன்றாகக் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு வந்து, வேதத்தை எடுத்து அவள் மடியில் விரித்து, கல்யாணத்தைப் பற்றிய வசனங்களைக் காட்டி, ஜெபம் பண்ணி, அவளை எழுப்பினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். வருகிற ஞாயிறு பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டு விழா. நான் செயலாளர். நான்தான் பேசுகிறேன். பேச வேண்டிய தலைப்பு, கிறிஸ்துவுக்குள் ஆணும் பெண்ணும் சமம் என்பது. பத்து நாளாக எழுதி வைத்திருந்தேன். பாடகர் குழுத் தலைவரின் மனைவி வீட்டை விட்டு வந்துவிட்டாள், அவள் செயலாளருடைய தங்கை என்று பேச்சு கிளம்பினால் நான் எப்படி மேடை ஏறுவேன்? இதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. நான் அவளுக்குக் காட்டிய வசனங்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்துக்கு வேதத்தை உறையாகப் போட்டேன்.

ஆட்டோவில் நானே கூட்டிக்கொண்டு போனேன். திகி ரோட்டில் போகும்போது டிரைவர் கண்ணாடியில் அவள் விரலைப் பார்த்துவிட்டு, "தவாகானா?" என்று கேட்டார், ஆஸ்பத்திரிக்கா என்று. "நஹி, லோஹேகாவ்" என்றேன். லில்லி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. வீட்டு வாசலில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்து, "அக்கா, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன், ஜெபா. அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஐயர் வந்தார். "அவளாவே போயிட்டா ஐயரே" என்று பொய் சொன்னேன். டீயைத் தொடாமல் எழுந்து, ஸ்கூட்டரில் லோஹேகாவுக்குப் போனார். அங்கே அவரையும் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வரவேற்றுக் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார். பதினோராம் நாள் லில்லியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடது காது போய்விட்டது. போலீசில் புகார் எழுதும்போது அவள் பக்கத்தில் நின்றவர் ஐயர். பாடகர் குழுவிலிருந்து அவள் புருஷனை நீக்கி, அதற்காகச் சபைக் கமிட்டியில் பாதிப் பேருடைய பகையைச் சம்பாதித்தவரும் அவர்தான். உன் அப்பா என்னிடம் இதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். "நீ செஞ்சது பாவம். அவகிட்ட போய்க் கேளு" என்றார். நான் லில்லியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவள், "தெரியும்க்கா, அழாத" என்றாள். எதைத் தெரியும் என்றாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் நம்மோடு இருந்த வருஷங்கள் உனக்குத் தெரியும். விவாகரத்து வந்ததும், ஹாஸ்டலில் வார்டன் வேலைக்குப் போனதும் உனக்குத் தெரியும்.

உனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு நாள் கேட்டாய், "சித்தி ஏன் முன்னாடியே வரலை?" என்று. நான், "ஐயர்தான் சமாதானமாப் போகச் சொன்னாரு" என்றேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அதை வைத்துத்தான் கோயிலை அளந்தாய், இருபத்திரண்டு வயதில் வருவதையும் நிறுத்தினாய். அந்த ஐயர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. நீ அவர் பேரைக் கெடுத்துக்கொண்டிருந்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ விசுவாசத்தை விட்டதற்கு வேறு காரணங்களும் உனக்கு இருக்கலாம். அவை உன்னுடையவை. இந்த ஒரு காரணம் மட்டும் நான் கொடுத்தது, அது பொய். அதை இந்தக் கடிதத்தோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் உள்ள நல்லதெல்லாம் வெளியிலிருந்து வந்தது, கெட்டதெல்லாம் கோயிலிலிருந்து வந்தது என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். அது அப்படி நடக்கவில்லையே. சமத்துவம் பேச மேடை ஏறியவள் தங்கையைத் திருப்பி அனுப்பினாள். முக்காடு கேட்டவர் அனுப்பாதே என்றார். அதனால் பழைய வழிதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் முக்காடு விஷயத்தில் தப்பு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். பிரிகோடு நீ நினைக்கிற இடத்தில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். பதினேழு வருஷம் கம்பெனியில் வெர்னியரும் கேஜும் வைத்து அளந்து இயந்திரப் பாகங்களைச் சோதிக்கிற வேலை பார்த்தவள் நான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற பேரைப் பார்த்து ஒரு பாகத்தையும் நான் பாஸ் பண்ணியதில்லை.

இயேசு மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்று நான் விசுவாசிக்கிறேன். அழகான கதை என்று வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நடந்தது என்றே விசுவாசிக்கிறேன். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஒரு வரியையும் நான் முணுமுணுத்துத் தாண்டுவதில்லை. உன் அப்பாவை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன். மானசியை மதம் மாறச் சொல்லாததும் இதே நம்பிக்கையினால்தான். வற்புறுத்தி ஒருவரையும் இயேசு தம் பின்னால் வரவைத்ததாக நான் வாசித்ததில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றது மிஞ்சும் என்கிறாய். எனக்கு ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது. அடியை வெட்டிவிட்டு மேலே இருப்பதை மட்டும் வைத்துக்கொள் என்றால் எப்படி?

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைக்காதே. உன் ஆபீஸ் சிநேகிதன், இன்னொரு பையனோடு வாழ்கிறவன், என் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனானே, அவனைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று நிறையத் தடவை வாசித்துவிட்டேன். இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீ இருக்கும் இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை, வருவேனா என்றும் தெரியாது. என்னைப் பிடித்துத் தள்ளாதே. ஆனால் அவன் எப்போது வந்தாலும் அவனுக்கு என் வீட்டில் தட்டு உண்டு. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இனி லில்லி விஷயம். சித்தி கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள் என்று உன்னிடம் சொன்னபோது, "சூப்பர்மா, எங்களோட சேர்ந்து ரிஜிஸ்டர் பண்ணிடலாம்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? மாப்பிள்ளை சாமுவேல் அண்ணன், உன் அப்பாவோடு கம்பெனியில் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் எங்கே வேண்டுமானாலும் சரி என்றுதான் சொன்னார். லில்லிதான் ஒப்பவில்லை. "கோயில்லதான்க்கா பண்ணுவேன். நான் என்ன தப்பு செஞ்சேன், ஒளிஞ்சு கட்டிக்கிட?" என்றாள். சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் உன்னைப் போல ஆகிவிட வேண்டும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்லாதே.

கமிட்டியில் விஷயம் வந்தது. ஒன்பது பேர், அதில் நானும் இன்னொரு பெண்ணும். இப்போதைய ஐயருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளை, ஆனால் இந்த விஷயத்தில் கண்டிப்பு. முதல் புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கும்போது கோயிலில் இன்னொரு கல்யாணம் எப்படி என்று கேட்டார். பொருளாளர், "இது கையைத் தூக்கி முடிவு பண்ற விஷயமாக்கா? ஆண்டவர் சொன்னதே இருக்குல்லா?" என்றார். இருக்கிறது. தள்ளிவிடப்பட்டவளைக் கட்டுகிறவன் விபசாரம் செய்கிறான் என்ற அந்த வசனத்தைக் கத்தரித்து எறிய முடியாது, நானும் அப்படிச் செய்யவில்லை. நான் எழுந்து, "பொண்டாட்டிய நினைச்ச மாத்திரத்துல தெருவுல விட்டுட்டுப் போன ஆம்பளைங்ககிட்ட ஆண்டவர் சொன்ன வார்த்தை அது. அவளைக் காப்பாத்தச் சொன்னத வச்சே அவளை அடிக்கிறவன் வீட்டுல பூட்டி வைக்கலாமா? நான் வச்சேன். என் கையாலதான் கூட்டிட்டுப் போய் விட்டேன்" என்று ஆரம்பித்து, உனக்கு இப்போது எழுதியதை எல்லாம் அவர்களிடம் சொன்னேன். பழைய ஐயர் போனில் சொன்னதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். கடைசி வரை உட்காரவில்லை. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. நான்கு பேர் என் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். தோற்றுப்போனேன்.

இதை உன்னிடம் சொன்னபோது, "அப்பவே வெளிய வந்திருக்கணும்மா" என்றாய். ஏன் வர வேண்டும்? அது என் கோயிலும்தான். நமக்கு முன்னால் அதே கோயிலில் நடக்கிற மராத்தி ஆராதனை முடிந்து அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போவதற்குள் உள்ளே போய் பெஞ்சுகளைத் துடைத்து வந்தவள் நான். உன் அப்பாவின் சவப்பெட்டியை அங்கேதான் வைத்தோம். நான் வெளியே வந்துவிட்டால் அடுத்து விரல் வீங்கி ஒருத்தி வரும்போது அந்த அறையில் யார் எழுந்து நிற்பார்கள்? நீ கோபத்தோடு விலகினாய். உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நீ விலகியதால் கமிட்டியில் ஒரு ஓட்டுகூட மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் மறுநாளே ஐயர் வீட்டுக்குப் போனேன். "முடிவு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவளைப் போய்ப் பாருங்க. அவளைப் பார்க்காம அவளைப் பத்தி எழுதாதீங்க" என்றேன். போனார். ஹாஸ்டல் பார்வையாளர் அறையில் போய் அவள் இடது பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "ஐயரே, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, அந்தக் காது கேக்காது" என்றாளாம். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய், பேச வந்ததை விட்டுவிட்டு, அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம். அதற்கப்புறம் பிஷப்புக்கு அவரே எழுதினார். பதில் போன மாதக் கடைசியில் வந்தது: போதகரின் மனசாட்சிக்கு விடப்படுகிறது என்று. ஐயர் என்னிடம், "நான் இன்னும் முழுசாத் தெளியலம்மா. ஆனா அவங்களை வாசல்ல நிறுத்திட்டு நான் உள்ள நின்னு நற்கருணை கொடுக்க முடியல. கல்யாணத்தை நானே நடத்துறேன்" என்றார். எனக்கு அது போதும். முழுசாகத் தெளிந்தவர்களை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன், உன்னையும் சேர்த்து.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எண்ணாதே. பொருளாளர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷமாக என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தி இப்போது பின்னால் போய் உட்காருகிறாள். இரண்டு குடும்பம் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பா சாகக் கிடந்தபோது முறை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் வீட்டுக்கும் போய்ப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போவேன்.

போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்து, இதற்கு யாருக்காவது தடை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். நீங்கள் கொடுத்த நோட்டீசையும் ஆபீசில் ஒட்டி அதையேதான் கேட்கிறார்களாம், மானசி சொன்னாள். ஐயர் லில்லியின் பேரையும் சாமுவேல் அண்ணன் பேரையும் வாசித்ததும் ஒரு ஆள் எழுந்து வெளியே போய்விட்டார். லில்லி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை.

கல்யாணம் வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. உன்னுடையது அதற்கடுத்த புதன்கிழமை. உன் கல்யாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன், தமிழில் போடுவேன், மனதுக்குள் ஜெபமும் பண்ணுவேன். அதற்கு உன் அனுமதி தேவையில்லை. லில்லியின் கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். மானசியையும் அழைத்துக்கொண்டு வா. முழங்கால் போட வேண்டாம், பாட வேண்டாம், விசுவாசப் பிரமாணத்தின்போது வாயைத் திறக்கவும் வேண்டாம். உன் நம்பிக்கையில் ஒரு துளியைக்கூட விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. அன்றைக்கு உடன்படிக்கைக்கு முன்னால் ஐயர் கடைசியாக ஒரு தடவை சபையைப் பார்த்து, தடை உண்டா என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். யார் எழும்புவார்கள், யார் எழும்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும். முதல் பெஞ்சில் இரண்டு இடம் போட்டு வைத்திருப்பேன்.

உன்னை நேசிக்கிற, இரண்டையும் விடாத,
அம்மா